மைக் அக்கா கேட்ட மானிட்டர்

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயர் மைக் அக்கா. பதினோரு வருடமாக ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்வதுதான் அவள் வேலை. அவள் வாயைத் திறந்தால் போதும், நூறு பேர் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். டிரைவர்கள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவளின் குரல் நான்கே பேர் இருக்கும் ஒரு ராக் குழுவில் மற்ற மூன்று பேருக்குக் கேட்கவில்லை என்றால், அவள் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அந்த மூன்று பேரில் ஒருவர் அவளுடைய கணவர் என்பது கூடுதல் கொடுமை.

குழு ஆரம்பிக்கலாம் என்று சொன்னதே அவள்தான். அதை இப்போது ஒருவரும் ஞாபகம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பு வாசித்த கிட்டார் ஒன்று பீரோவுக்கு மேலே போர்வை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தன் கார் பட்டறையில் டிங்கரிங் வேலை பார்ப்பவன். நசுங்கிய கதவுகளை நாள் முழுக்கத் தட்டி நிமிர்த்தியும் ஆசை தீராமல், வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையையும் தட்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மேஜையைத் தட்ட, கணவர் போர்வையை உருவி கிட்டாரை எடுக்க, அவள்தான் சொன்னாள்: "நீங்க வாசிங்க, தம்பி டிரம் அடிக்கட்டும், நான் பாடுறேன். ஒரு பேண்டே ஆரம்பிச்சிடலாமே."

பேஸ் கிட்டாருக்குக் கணவரின் சிநேகிதன் ஒருவன் வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். எந்தப் பொருளைப் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும் தேடிப் படித்துவிட்டுத்தான் வாங்குவான். பல் துலக்கும் பிரஷ் எடுக்கவே அவனுக்கு ஒரு வாரம் வேண்டும். அதனால் எல்லோரும் அவனைக் கேட்டலாக் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டான். குழுவுக்கு வேண்டிய சாமான்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, யாரும் கொடுக்காமலே, அவன் கைக்குப் போய்விட்டது.

தேர்ந்தெடுத்தார்கள், தேர்ந்தெடுத்தார்கள், அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். பெண் பார்க்கப் போகும் குடும்பம்கூட இத்தனை கேள்வி கேட்காது. கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்க ஐந்து வாரம். பழைய மாதிரி வால்வு வைத்ததா, புது மாதிரியா என்று சண்டை. சண்டை முடிந்ததும் அதன் உறைக்கு என்ன நிறம் என்று சண்டை. டிரம்முக்குத் தோல் எது, வெண்கலத் தட்டு எது, குச்சி எந்த மரம் என்று ஒரு மாதம். பிறகு பெடல்கள். கிட்டார்க்காரர் காலால் மிதித்தால் சத்தம் கரகரக்கும், இன்னொன்றை மிதித்தால் ஏறும், மற்றொன்றை மிதித்தால் எதிரொலிக்கும். கணவர் மூன்றை வரிசையாக வைத்துக்கொண்டு, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி காலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எனக்கு?" என்று அவள் கேட்டாள்.

"உனக்கு என்னம்மா, தொண்டை இருக்கு" என்றார் கணவர். "எங்களுக்குத்தான் எல்லாம் வாங்க வேண்டியிருக்கு. உனக்கு ஆண்டவன் கொடுத்தது."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அன்றைக்கே சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் அவளுக்கு வந்தது கேட்டலாக்கின் கடையில் விளம்பரத்துக்கு வைத்திருந்த ஒரு மைக். அதைச் செருகத் தனியாக எதுவும் கிடையாது. பேஸ் ஆம்ப்ளிஃபையரில் இரண்டாவதாக ஓர் ஓட்டை சும்மா இருந்தது, அதில் செருகினார்கள். அந்தப் பெட்டி டிரம்முக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. பயிற்சி நடந்த இடம் கேட்டலாக்கின் கடைக்குப் பின்புறமிருந்த கிடங்கு. சுவரெல்லாம் தெர்மகோல் அட்டை ஒட்டி, மூலையில் காலிப் பெட்டிகளை அடுக்கி, நடுவில் ஒரு மின்விசிறி. அவள் எல்லோருக்கும் முன்னால், வாசலைப் பார்த்து நிற்பாள். முதுகுக்குப் பின்னாலிருந்து மூன்று பேரும் இடியாக முழங்குவார்கள். அவள் பாடுவது அவளுக்கே கேட்காது. சுதி சேர்கிறதா, விலகுகிறதா, ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டுமே என்று கத்துவாள். கத்தியும் கேட்காது.

"அக்கா, இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாடுங்க" என்பான் கேட்டலாக்.

"அண்ணி, வயித்துலேருந்து வரணும்" என்பான் கொழுந்தன்.

அவர்கள் குழுவிடம் சொந்தப் பாட்டு என்று இருந்தது மூன்று. அதில் அவள் உயிரைக் கொடுத்து எழுதியது ஒன்று. பேருந்து நிலையத்தில் ஒரு நாள் நாலாம் மேடையில் நீலப் பை ஒன்று அனாதையாகக் கிடந்தது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று அவள் நான்கு தடவை அறிவித்தாள். யாரும் வரவில்லை. ஒரு மாதம் அவளுடைய கண்ணாடி அறையிலேயே இருந்தது. விதிப்படி திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு ஜோடி புதுச் செருப்பு, அட்டையோடு. யாரோ யாருக்கோ ஆசையாக வாங்கியது. அன்று வீட்டுக்கு வந்து, அடுப்பில் குக்கர் விசில் அடிக்க அடிக்க, மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிய பாட்டு அது. பதினோரு வருடம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையே வாசித்தவளுக்கு, சொந்தமாகச் சொல்ல ஒரு வரி கிடைத்ததே பெரிய விஷயம். அது மனிதர் காதில் விழ வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

அந்தப் பாட்டின் இரண்டாவது வரி வரும்போதெல்லாம் கணவர் ஒரு பெடலை ஓங்கி மிதிப்பார். கிட்டார் அலறும். வரி அடிபட்டுப் போகும்.

"அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் குறைங்களேன்" என்று அவள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அங்கதாம்மா பாட்டுக்கு உயிரே இருக்கு" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

நாலாவது மாதம் தொண்டை கட்டியது. சாதாரணக் கட்டு இல்லை. காலையில் முதல் வண்டியை அறிவிக்கும்போதே குரல் பிசிறு தட்டியது. ஒரு கண்டக்டர் கண்ணாடியைத் தட்டி, "என்னக்கா, ஆள் மாறிட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார். அவள் தொண்டை டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் தடிப்பு என்றார்.

"வேலையில கத்துறீங்களா?"

"இல்லைங்க. அங்க மைக் இருக்கு."

"அப்ப வேற எங்க கத்துறீங்க?"

"பாடுற இடத்துல."

"அங்க மைக் இல்லையா?"

"இருக்குங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சாதாரணமா பேசுங்க. கத்தாதீங்க. குசுகுசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் மோசம். இப்படியே ரெண்டு மாசம் போச்சுன்னா அப்புறம் பாட்டும் இல்ல, பஸ்ஸும் இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, "வெந்நீர் குடி, சரியாயிடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தன் தங்கை குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோனால் எந்த வேளையானாலும் ஓடிப்போய்ச் சரிசெய்துவிட்டு, நாலாவது மாடிவரை தங்கையைத் தானே ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார். யாருக்கு என்ன பழுது என்று உடனே கண்டுபிடிக்கிற மனிதர்தான். வீட்டில் இருப்பவளின் பழுது மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை.

அந்த வாரம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கிகளைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். ஏணியை மடக்கிக்கொண்டே அவள் கதையை முழுசாகக் கேட்டார். ஒருத்தர் முழுசாகக் கேட்டதே அவளுக்குப் பாதி மருந்தாக இருந்தது.

"உங்களுக்கு மானிட்டர் வேணும்மா" என்றார். "தரையில சாய்வா ஒரு ஸ்பீக்கர் வைப்பாங்க, பாடுறவங்க மூஞ்சியப் பாத்து. நீங்க பாடுறது உங்களுக்கே திரும்பி வரும். அப்புறம் நீங்க கத்தவே வேணாம்."

புதன்கிழமை வேலை முடிந்து நேராக வாத்தியக் கடைக்குப் போனாள். விற்பனையாளர் ஒரு கறுப்புப் பெட்டியைத் தரையில் வைத்து, மைக்கைக் கையில் கொடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "பயணிகள் கவனத்திற்கு" என்றாள். காலடியிலிருந்து அவள் குரல் அவளிடமே ஏறி வந்தது. மெல்லச் சொன்னாலும் முழுசாக வந்தது. பிசிறுகூடத் தெளிவாகக் கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விற்பனையாளர் பயந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

அன்றே கேட்டலாக்குக்குப் போன் போட்டாள். அவன் கடையில் பிரிண்டர் ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, எனக்கு ஒரு மானிட்டர் வேணும். பாடுறப்ப எனக்கு முன்னாடி வைக்க."

"மானிட்டரா? அட, இதுக்கா இவ்வளவு தயங்குறீங்க? நம்ம கடையிலயே இருக்கே அக்கா. ஞாயித்துக்கிழமை ரெடியா இருக்கும். பெருசாவே வைக்கிறேன்."

கம்ப்யூட்டர் கடையில் அது எப்படி இருக்கும் என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நாலு மாதத்தில் முதல்தடவையாக ஒருவன் தயங்காமல் சரி என்று சொன்னதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. மூன்று நாள் சந்தோஷமாக இருந்தாள். வியாழன், வெள்ளி, சனி. மறு மாதம் அவர்கள் குழு ஏறவிருந்த போக்குவரத்து ஊழியர் மன்றத்து மேடையில் நீலப் பைப் பாட்டைப் பாடுவது போலவும், டிரைவர்கள் டீயை வைத்துவிட்டு எழுந்து நிற்பது போலவும் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கிடங்குக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பெரிய அட்டைப்பெட்டி, பிரிக்காமல். அவள் நெஞ்சு துள்ளியது.

"அது எங்களோடது" என்றார் கணவர். "கிட்டாருக்கு ரெண்டாவது ஸ்பீக்கர் பெட்டி. செவ்வாய்க்கிழமை எடுத்தோம். பிளக் பாயிண்ட் போட்டுட்டுப் பிரிக்கணும்."

"ஒண்ணுக்கே என் குரல் கேக்கல. ரெண்டாவது எதுக்கு?"

"ஒண்ணு மொட்டையா இருக்கும்மா. எல்லாருமே ரெண்டுதான் வைக்கிறாங்க."

"அக்கா, உங்களது இங்க" என்று கேட்டலாக் பெருமையாகக் கையைக் காட்டினான்.

அவள் நிற்கும் இடத்துக்கு முன்னால், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல், ஒரு கம்ப்யூட்டர் திரை நின்றுகொண்டிருந்தது. முப்பத்திரண்டு அங்குலம். பக்கத்தில் விசைப்பலகை. திரையில் தமிழில் பெரிய பெரிய எழுத்தில் ஏதோ மின்னியது.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது: அவனுக்கு மானிட்டர் என்றால் இதுதான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தினம் பத்து தடவை மானிட்டர் மானிட்டர் என்று விற்கிறவன் வாயில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் எங்கிருந்து வரும்? கிட்டாரைப் பற்றியும் பேஸைப் பற்றியும் விடிய விடியப் படித்தவன், பாடுகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

"வரி மறந்துடுமோன்னு உங்களுக்குப் பயம்னு புரிஞ்சுக்கிட்டேன்" என்றான் அவன். "அதான் கத்துறப்ப தடுமாறுறீங்க. இனிமே பாத்துப் பாடுங்க. மூணு பாட்டையும் நானே உக்காந்து அடிச்சிட்டேன்."

"உனக்கு வரி யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நாலு மாசமா கேக்குறோமே, மனப்பாடமே ஆயிடுச்சு."

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். அவளுடைய பாட்டு இப்படி இருந்தது:

நீலப் பேய் ஒண்ணு நிக்குது பாரு
நாலாம் மாடியில நாத்தனாரு
யாரோட பேயின்னு யாருக்குத் தெரியும்
நான் மட்டும் சாப்பிட்டேன் நாலு தரம்
லா லா லா லா

ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். சிரிப்பதா, அந்தத் திரையைத் தூக்கி வாசலில் வீசுவதா என்று தெரியவில்லை.

"பேய்ப் பாட்டுன்னுதான் அண்ணி நான் அந்த அடி போட்டேன்" என்றான் கொழுந்தன். "திக், திக்னு."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்து, சுதி கலையாத ஒரு கம்பிக்குச் சுதி சேர்க்க ஆரம்பித்தார்.

"இங்க பாருங்க, நான் கேட்டது இது இல்ல, நான்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் கொழுந்தன் குச்சிகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிவிட்டான். இடி இறங்கியது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். டாக்டரம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டாள். வாயை மட்டும் அசைத்தாள்.

முதல் பாட்டில் அது கோபம். யாராவது நிறுத்தி, என்ன ஆச்சு என்று கேட்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. இரண்டாவது பாட்டில் அது சோதனை. கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். முதுகுக்குப் பின்னால் மூன்று பேரும் சந்தோஷமாக முழங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது அவளுடைய நீலப் பைப் பாட்டு. அதில் வாயைக்கூட அவள் சரியாக அசைக்கவில்லை. இரண்டாவது வரி வந்ததும் கணவர் வழக்கம்போலப் பெடலை ஓங்கி மிதித்தார். இல்லாத வரியின் மேல் கிட்டார் அலறியது.

பாட்டு முடிந்ததும் கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இன்னைக்குத்தான் அண்ணி சூப்பரா செட் ஆயிருக்கு."

"மானிட்டர் வச்சதோட மகிமை" என்றான் கேட்டலாக்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் கணவர். "வெந்நீர்."

அவள் மைக்கைத் தாங்கியில் வைத்தாள். ஒரு காலிப் பெட்டியில் உட்கார்ந்து, விசைப்பலகையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பேய்ப் பாட்டை அழித்துவிட்டு, ஒற்றை விரலால் தட்டினாள். முப்பத்திரண்டு அங்குலத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

நான் இன்னைக்குப் பாடவே இல்லை.

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டலாக் வாய்விட்டுப் படித்தான். கொழுந்தன் குச்சிகளை மடியில் வைத்தான்.

"எந்தப் பாட்டுல?" என்று கேட்டார் கணவர்.

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் கேட்ட எத்தனையோ கேள்விகளை அவள் மன்னித்திருக்கிறாள். இதை மன்னிக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மறுபடி தட்டினாள்.

மூணுலயும்.

அவள் அதையும் அழித்துவிட்டு, நீலப் பைப் பாட்டைத் தன் கையால் அடித்தாள். அவசரப்படவில்லை. எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தாள்.

நீலப் பை ஒண்ணு நிக்குது பாரு
நாலாம் மேடையில நாதியத்து
யாரோட பைன்னு யாரும் கேக்கல
நான் மட்டும் கூப்பிட்டேன் நாலு தரம்

"பையா?" என்றான் கொழுந்தன். "பேய் இல்லையா? அப்ப என் திக் திக்?"

கணவர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"நாதியத்தா?" என்றார். "இது நாத்தனார் இல்லையா?"

"நாத்தனார் எங்கேருந்து வந்தாங்க?"

"நாலாம் மாடியில நாத்தனாருன்னு..." அவர் நிறுத்தினார். காது மடல் சிவந்தது. "என் தங்கச்சியத்தான் நீ சொல்றேன்னு நெனச்சேன். அவதானே நாலாம் மாடி. அவளப் பேய்னு பாட்டுக் கட்டிட்டியேன்னு."

அவள் அவரையே பார்த்தாள். "அதனாலதான் அந்த இடத்துல மிதிச்சீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். "அடுத்த மாசம் மேடையில பாடுறப்ப அவ வந்து முன்னாடி உக்காருவா. அவ காதுல விழக்கூடாதேன்னு. அந்த ரெண்டாவது பெட்டியும்..." என்று பிரிக்காத அட்டைப்பெட்டியைப் பார்த்தார். "ஒண்ணு போதாதுன்னு தோணிச்சு."

கேட்டலாக் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தப் பெட்டியைப் பற்றி அவன் ஒன்பது கட்டுரை படித்திருந்தான்.

அவளுக்குக் கோபம் வந்த வேகத்தில் கத்தியிருப்பாள். தொண்டை இடம் கொடுக்கவில்லை. சாதாரணக் குரலில்தான் பேச முடிந்தது.

"உங்க தங்கச்சிக்குப் பிரசவம் பாக்க அந்த நாலு மாடி ஏறி எறங்கினது நான். அவளப் பேய்னு பாட்டு எழுதுவேன்னு நாலு மாசமா நம்பிட்டு இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சண்டை வரும்னு..."

"சண்டை வந்திருந்தா நாலே நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். இப்ப என் தொண்டை போச்சு."

பழுது எங்கே என்று கண்டுபிடித்த மெக்கானிக்கின் முகம் அவருக்கு அப்போதுதான் வந்தது. பழுதைச் செய்ததே தன் கால் என்றால் என்ன செய்வது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"எல்லாத்தையும் அணைங்க" என்றாள் அவள்.

ஆம்ப்ளிஃபையர்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கொழுந்தன் எட்டி மின்விசிறியையும் நிறுத்தினான். அவள் மைக் இல்லாமல், வாசலைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்து நின்று, தாழ்ந்த குரலில் நீலப் பையை முதலிலிருந்து கடைசிவரை பாடினாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்ததும் கேட்டது. செருப்பு வரும் கடைசி அடியை அவர்கள் மூன்று பேரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். கேட்டலாக் லா லா லா என்று அடித்து வைத்திருந்த இடம் அது.

அவள் முடித்ததும் கேட்டலாக் எழுந்து அந்தத் திரையையும் அணைத்தான்.

"அக்கா, அப்ப நீங்க கேட்ட மானிட்டர்?" என்றான் கேட்டலாக்.

"ஸ்பீக்கர். தரையில சாய்வா வைக்கிறது. இந்தப் பெட்டி எடுத்த வாத்தியக் கடையிலயே இருக்கு. புதன்கிழமையே போய்ப் பேசிப் பாத்துட்டு வந்தேன்."

கணவர் பிரிக்காத பெட்டியைச் சுற்றி வந்தார். "இதத் திருப்பி எடுப்பாங்களா?"

"ஏழு நாளைக்குள்ள பிரிக்காம கொண்டு போனா எடுப்பாங்க" என்றான் கேட்டலாக். அதையும் படித்திருந்தான். "இன்னைக்கு ஆறாவது நாள்."

"கடை?"

"ஆறு மணி வரைக்கும்" என்றாள் அவள்.

அண்ணனும் தம்பியும் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினார்கள். அதன் கனத்துக்கு இரண்டு பேரும் முக்கினார்கள். கணவர் வேலைக்கு எடுத்துப்போகும் வேனில் பின்னால் ஏற்றி, விழாமல் இருக்கக் கொழுந்தனும் கேட்டலாக்கும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்கள். அவள் முன் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் ஒன்றும் இறங்கிவிடவில்லை. அவ்வளவு சுலபமாக இறங்குகிற கோபம் இல்லை அது.

தெரு முனை தாண்டியதும் கணவர் மெதுவாகக் கேட்டார்: "இன்னொரு தரம் பாடேன்."

"டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பாடச் சொல்லியிருக்காங்க" என்று பொய் சொன்னாள். "நீங்க பாடுங்க. நான் கேக்குறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சுதியும் இல்லை, சுகமும் இல்லை. இருந்தாலும் சாலையைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார். முதல் வரி ஒரு வழியாக வந்தது. பேய் என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுப் பை என்றார். இரண்டாவது வரி வந்தது. நாலாம் மேடையில என்று அவர் வாய் சொல்லும்போதே, நாலு மாதப் பழக்கத்தில் வலது கால் தானாக அழுந்தியது. வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. பின்னால் பெட்டியும் இரண்டு பேரும் சரிந்தார்கள்.

"காலை எடுங்க" என்றாள் அவள்.

எடுத்தார்.